மருந்துக்குக் கட்டுப்பாடு இல்லை

தசரதன் வீட்டுக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது, அவனிடமிருந்து யாரும் எதுவும் வாங்கக் கூடாது என்று எங்கள் சந்தே சேர்ந்து கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தபோது, அந்தக் கற்பூரத்தை ஏற்றியவள் நான்தான். அதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. அவன் செய்த வேலைக்கு இன்றைக்கும் ஏற்றுவேன்.

என் பெயர் திரௌபதி. ரமணாசிரமத்துக்கு எதிர்ப்பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து இறங்குகிற சந்தில் என் வீடு. கீழே மெஸ் நடத்துகிறேன். மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் இனியா வேலூரில் குடித்தனம் நடத்துகிறாள். ஆக, இந்த வீட்டில் என்னை அதட்ட ஆள் இல்லை. ஆள் இருந்தபோதும் யாரும் அதட்டியதில்லை என்பது வேறு விஷயம்.

தசரதன் பக்கத்து வீட்டுக்காரன். கொரோனாவுக்கு முந்தின கோடையில் அவன் தன் வீட்டுக்குப் பின்னால் ஆயிரம் அடிக்கு போர் இறக்கினான். வீட்டுக்குத்தான் என்று நினைத்தோம். மறுவாரமே ஒரு டேங்கர் லாரி வந்து நின்றது. ஓட்டலுக்கும் லாட்ஜுக்கும் லாரி லாரியாகத் தண்ணீர் போனது. எங்கள் போர்களெல்லாம் ஒவ்வொன்றாகக் காற்றை இறைக்க ஆரம்பித்தன. நியாயம் கேட்கப் போனேன். "என் நெலம், என் போரு. உனக்கு இன்னா?" என்றான். என்னிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், 'உனக்கு இன்னா' என்று மட்டும் சொல்லக் கூடாது.

அன்றைக்குச் சாயங்காலமே சந்து முனையில் எல்லோரையும் கூட்டினேன். அங்கே நின்றால் மலை முழுசாகத் தெரியும். மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றி, "தண்ணி, நெருப்பு, உப்பு, பேச்சு, ஒண்ணும் கெடையாது. அவனாச்சு, அவன் லாரியாச்சு. அண்ணாமலை சாட்சி!" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தின் மேல் முதல் அடி நான் அடித்தேன். பிறகு வீட்டுக்கு ஒருவராக வந்து அடித்தார்கள். நான் பேசியது எனக்கே பிடித்திருந்தது.

கட்டுப்பாடு நன்றாகத்தான் நடந்தது. பால்காரர் அவன் வாசலைத் தாண்டிப் போனார். முனையில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிற சக்கரபாணி அவனுக்கு ஒரு தலைவலி மாத்திரைகூடக் கொடுக்கவில்லை. ஆட்டோ ஓட்டுகிற காசி, தசரதனைக் கண்டால் காலி ஆட்டோவையே சவாரி இருப்பதுபோல் ஓட்டிக்கொண்டு போனான். ஆனால் தசரதன் அசரவில்லை. எல்லாவற்றையும் டவுனில் போய் வாங்கிக்கொண்டான். லாரி பாட்டுக்கு லாரி ஓடியது.

அடி முழுக்க விழுந்தது அவன் பெண்டாட்டி பச்சையம்மாள்மேல். அவள் என் சிநேகிதி. புடவை எடுப்பது, பௌர்ணமிக்கு கிரிவலம் போவது, டாக்டரைப் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போவோம். சத்தியம் செய்தபோது அவள் என் நினைவில் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தாள். 'புருஷனைக் கண்டிக்க வேண்டியதுதானே, வாயில் கொழுக்கட்டையா?' என்று அவள்மேலும் ஒரு கோபம் வந்தது. அதோடு அவளும் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டாள்.

நேருக்கு நேர் பேச முடியாது. பேசாமலும் இருக்க முடியாது. அதனால் ஜாடையாகப் பேசிக்கொண்டோம். அவள் தன் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்தால் காக்காவிடம் பேசுவாள். "ஏ காக்கா, சில பேருக்கு ரொம்பத்தான் ராங்கி. அண்ணாமலையாருக்கே ஆர்டர் போடறாளுங்க." நான் என் மாடியில் துடைப்பத்திடம் பேசுவேன். "ஏ தொடப்பம், புருஷனை அடக்கத் தெரியாதவளுங்க எல்லாம் காக்காவை அதட்டறாளுங்க பாரு." நடுவில் இடுப்பளவு சுவர்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டோம். இப்படியே தீபம் போனது, பொங்கல் போனது.

அப்புறம் கொரோனா வந்தது. கோயிலை மூடினார்கள். கிரிவலம் கிடையாது என்றார்கள். செங்கம் ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. என் மாடியில் மஹீன் மட்டும் இருந்தாள். ஈரான்காரி. ஆசிரமத்தில் தியானம் செய்ய வந்தவள், திரும்பிப் போக மனசில்லாமல் வருஷக்கணக்காக என் மாடியிலேயே தங்கிவிட்டாள். எங்கள் சந்து அவளை மகி என்று கூப்பிடும். என் சமையலறையில் உட்கார்ந்தே தமிழ் கற்றுக்கொண்டாள். அதனால் அவளுக்குத் தாளிக்க, இறக்க, அதட்ட எல்லாம் நன்றாக வரும்.

ஊரே அடைந்து கிடந்தபோதும் தசரதன் லாரிக்குப் பாஸ் இருந்தது. எங்கெங்கோ போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான். அவனுக்கும் அவன் மகன் பாலாஜிக்கும் காய்ச்சல் வந்தது. டெஸ்ட் எடுத்தார்கள், இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. பச்சையம்மாளுக்கு இல்லை என்று வந்தது. ஆனாலும் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று சொல்லி வாசலில் தகரம் அடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் அவள் ஒண்டியாக இருந்தாள்.

எனக்கு மனசு அடித்துக்கொண்டது. மாடிக்குப் போய் ஏற்கெனவே பெருக்கின இடத்தையே பெருக்கினேன். அவளும் வந்தாள். துணி எதுவும் கையில் இல்லை.

"காக்கா," என்றாள், சத்தமே இல்லாமல். "ஊசி மருந்து பாட்டில் அடியில ஒட்டினு இருக்குது. நாளைக்கு வந்தா ஜாஸ்தி. தகரம் அடிச்சவங்க குடுத்த நம்பருக்குப் போன் அடிச்சேன், எழுதிக்கினாங்க. அவங்களும் எத்தினி வீட்டுக்குத்தான் ஓடுவாங்க? நான் யாரையும் கேக்கல. சும்மா உன்கிட்ட சொல்றேன்."

அவளுக்குச் சர்க்கரை வியாதி. காலையிலும் ராத்திரியிலும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவள். ஒருமுறை ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஊசியை மறந்துவிட்டு, பேச்சு மூச்சில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். துடைப்பத்தைக் கீழே போட்டேன். தடதடவென்று படி இறங்கினேன்.

சந்துக்காரர்களைக் கூப்பிட்டேன். ஆளுக்கு ஒரு மூலையில், மூக்கில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். "பச்சைக்கு இன்சுலின் வேணும். சக்கரபாணி அண்ணே, எடுத்துக் குடுங்க. காசி, நீ கொண்டு போய் வெச்சிட்டு வா" என்றேன். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்தேன்.

யாரும் அசையவில்லை. சக்கரபாணி தொண்டையைச் செருமினார். "சத்தியத்துல மருந்தைத் தனியா விட்டோமா திரௌபதி? விடலியே. ஒண்ணும் கெடையாதுன்னு நீதானே சொன்ன."

அட கடவுளே! என் ஊர்ப்பக்கம் ஊர்க்கட்டுப்பாடு போடுகிறவர்கள் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் கடைசியில் ஒன்று சொல்லி முடிப்பார்கள்: சாவுக்கும் சீக்குக்கும் கட்டுப்பாடு இல்லை. எனக்கு அது தெரியும், சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறேன். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் சொல்லிவிட்டேன். இப்போது அது என் சிநேகிதியின் உயிரில் வந்து நின்றது.

"ஆத்திரத்துல சொன்னதுண்ணே. மனுஷ உசிரு" என்றேன்.

"எனக்கும் தெரியும்மா. ஆனா மலையைப் பாத்து அடிச்ச கற்பூரம்."

காசி தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குதுக்கா. இந்தக் கொள்ளை நோவு காலத்துல மலையைப் பகைச்சிக்கச் சொல்றியா?"

அவன்மேலும் தப்பில்லை. எல்லோர் வீட்டிலும் பயம் இருந்தது. கடைசியில் சக்கரபாணிதான் வழி சொன்னார். கோயில் மூடியிருந்தால் என்ன, மலை திறந்துதானே இருக்கிறது? பூ போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. மலைக்கு முன்னால் வைத்து, சத்தியத்தில் சேராத ஒருத்தர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மருந்து கொடுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது.

"பூ யார் வீட்ல இருக்குது?"

"என் வீட்ல இருக்குது. நானே கட்டினு வரேன்" என்றேன்.

என் வீட்டுப் பின்பக்கம் நந்தியாவட்டையும் உண்டு, சிவப்பு அரளியும் உண்டு. வாழை இலையைத் துண்டு போட்டேன். ஒரு துண்டில் நந்தியாவட்டையை வைத்து மடித்து நாரால் கட்டினேன். அரளியைப் பறிக்கக் கை நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்றது. அண்ணாமலையார் என்ன, பச்சையம்மாளுக்கு மருந்து கொடுக்காதே என்றா சொல்லப்போகிறார்? சொல்ல மாட்டார். சொல்ல மாட்டார் என்றால் பிறகு சிவப்பு எதற்கு? அவருக்கு எதற்கு வீண் சிரமம்? இன்னொரு துண்டிலும் நந்தியாவட்டையை வைத்தேன். இரண்டு பொட்டலத்தையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இறுக்கிக் கட்டினேன்.

எடுக்கிற ஆளாக மஹீனை நிறுத்தினார்கள். அவள்தான் எந்தச் சத்தியத்திலும் சேராதவள். மலையைப் பார்த்துக் கண்ணை மூடி ஏதோ அவள் பாஷையில் முணுமுணுத்து, ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சக்கரபாணி பிரித்தார். வெள்ளை! காசி 'அரோகரா' என்று கத்தினான். நான் பெரிய பக்தைபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அந்த அமளியில் இன்னொரு பொட்டலத்தை எடுத்து மறைத்துவிடலாம் என்று குனிந்தேன். அதைக் காணவில்லை. யாராவது மிதித்துத் தள்ளியிருப்பார்கள், ஆடு தின்றிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பூ கிடைத்துவிட்டது. மருந்து போனதா? போகவில்லை! இதுதான் எனக்கு தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. சக்கரபாணி கடையைத் திறந்து, "நான் குடுக்க ரெடி. காசி எடுத்துனு போவட்டும்" என்றார். காசி, "நான் எடுத்துனு போக ரெடி. மொதல்ல பால்காரர் போயிட்டு வரட்டும், அப்பால நான் போறேன்" என்றான். பால்காரர், "மருந்துக்குத்தானே பூ வந்துச்சு? பாலு மருந்தான்னு யாராச்சும் சொல்லுங்க" என்றார். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. யாரும் போகவுமில்லை. மறுநாள் காலையிலும் சந்து அப்படியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி ஊசிக்கு அவளிடம் மருந்து இல்லை.

சமையலறையில் பாத்திரத்தை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தேன். மஹீன் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, எங்க ஊரும் இதேதான்" என்றாள். "பெரிய பெரிய நாடு சேர்ந்து கட்டுப்பாடு. மருந்துக்குக் கட்டுப்பாடு இல்ல, பேப்பர்ல எழுதியிருக்கு. ஆனா பேங்க்குக்கு பயம். கப்பலுக்கு பயம். எல்லாரும் மொதல்ல நீ போ, மொதல்ல நீ போ. என் தங்கச்சிக்கு மருந்து வாங்கக் காசு இருக்கு. கொண்டு வர ஆள் இல்ல. இப்ப கொரோனா, அதனால உலகத்துல எல்லாரும் சொல்றாங்க: கொஞ்சம் தளர்த்து, கொஞ்சம் தளர்த்து. சொல்றாங்க அக்கா. ஆனா யாரும் நடக்கல."

அவள் இதுவரை தன் தங்கையைப் பற்றி என்னிடம் சொன்னதில்லை. ஈரானுக்கு எவனோ கட்டுப்பாடு போட்டிருக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் மாதிரி ஆத்திரக்காரி எல்லா இடத்திலும் இருப்பாள்போல.

"சரி விடு. ராத்திரி மொட்டைமாடி சுவத்துக்கு மேல கைய நீட்டிக் குடுத்துடறேன். யாருக்கும் தெரியாது" என்றேன்.

மஹீன் தலையை ஆட்டினாள். "அது திருட்டு மாதிரி. ஒரு பாட்டில் போகும். அப்பறம்? பால் போகாது, காய் போகாது, கேஸ் போகாது. எல்லாரும் பாக்கற மாதிரி ஒரு ஆள் மொதல்ல போகணும்."

சுருக்கென்றது. கற்பூரத்தை எல்லோரும் பார்க்கத்தானே கொளுத்தினேன்? மருந்தை மட்டும் ஒளித்துக் கொடுப்பானேன்? கையைத் துடைத்துக்கொண்டு, நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

சக்கரபாணி இன்சுலினை ஐஸோடு பையில் போட்டு மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் குடுக்கல. நீயா எடுத்துக்கின" என்றார்.

"ஆமா, நானாதான் எடுத்துக்கினேன். நல்லா ஒளிஞ்சிக்கோங்க உங்க கடையில!" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

சந்தின் நடுவில் நடந்தேன். ஓரமாகப் போகவில்லை. "மருந்து போவுது! மருந்து போவுது! பாக்கறவங்க எல்லாம் பாத்துக்கோங்க! மலை கேட்டா திரௌபதின்னு சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே போனேன். ஜன்னல்கள் திறந்தன. காசி ஆட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். பயம் எனக்கும் இருந்தது. ஆனால் வாய் மட்டும் வழக்கம்போல இருந்தது.

தகரத்துக்கும் மதிலுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அங்கே நின்று, "ஏன்டி பச்சை, உசிரோட இருக்கியா?" என்று கேட்டேன்.

அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "காக்கா, யாரோ என்னைப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க. நம்பலாமா?"

"காக்காவாவது, மண்ணாங்கட்டியாவது! கைய நீட்டுடி."

கை வந்தது. வளையல் முழங்கைவரை வழிந்து இறங்குகிற மாதிரி இளைத்துப்போன கை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மாஸ்க்குக்குள் மூக்கு ஒழுகுகிறது, துடைக்கவும் முடியவில்லை. பையை அவள் கையில் வைத்தேன். தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். தொட்டேன்.

"ஐஸ் இருக்குது. ஒடனே ஃப்ரிட்ஜ்ல வை. சாப்ட்டியா?"

"கஞ்சி வெச்சேன். எறங்கல." பையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "உன்கூட சண்ட போடாம சோறே எறங்கலடி."

"அப்ப சாயங்காலம் கொழம்பு எடுத்துனு வரேன். நல்லா சண்ட போடலாம்" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் காசி நின்றுகொண்டிருந்தான், கையில் கத்திரிக்காயும் முருங்கைக்கீரையுமாக. அவனுக்குப் பின்னால் பால்காரர். "நீ போயிட்ட இல்ல, இனிமே இன்னா?" என்றான் காசி. மலை அங்கேயேதான் இருந்தது, ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. மருந்துக்கு மட்டும்தான் பூ வந்தது, ஆகவே எது மருந்து, எது மருந்து இல்லை என்று சந்தில் தினம் ஒரு பஞ்சாயத்து. பால் மருந்து என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கீரை மருந்து. பூண்டு, மிளகு, சீரகம் பிறவியிலேயே மருந்து. புளி வந்தபோது சக்கரபாணி நிறுத்தினார். "புளி எப்படிம்மா மருந்தாவும்?" என்றார். "ரசம் மருந்தா இல்லியாண்ணே?" என்றேன். "மருந்துதான்." "புளி இல்லாம ரசம் வெச்சிக் காட்டுங்க பாக்கலாம்." புளி போனது. காப்பித்தூளை, தலைவலிக்கு என்று காசி சேர்த்தான். கருவாட்டுக்கு மட்டும் எங்களால் ஒரு வியாதி கண்டுபிடிக்க முடியவில்லை. வாய் கசப்புக்கு என்று கடைசியில் மஹீன்தான் சொன்னாள். அவள் கருவாடு வாடையே ஆகாதவள்.

தசரதனும் பாலாஜியும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். தகரத்தைப் பிரித்தார்கள். தசரதன் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் மேலே வானத்தைப் பார்த்தான். இருக்கட்டும், நான் அவனுக்கா செய்தேன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாசமே எனக்குக் காய்ச்சல் வந்தது. லேசானதுதான், வீட்டிலேயே இருக்கலாம் என்றார்கள். இந்தத் தடவை தகரம் என் வாசலில் வந்தது, மஹீனோடு சேர்த்து என்னை உள்ளே வைத்து அடித்தார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, பச்சையம்மாள் சுவருக்கு மேலே கொடுத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர்தான் இல்லை. என் போர் எப்போதோ செத்துவிட்டது. வேங்கிக்கால் பக்கத்திலிருந்து எங்களுக்கு வருகிற லாரி, தகரத்தைப் பார்த்துவிட்டுச் சந்துக்குள் நுழையவே மாட்டேன் என்றது. தினமும் போனில் கையைக் கழுவு கையைக் கழுவு என்கிறார்கள். எதில் கழுவுவது? வெறும் குடத்தைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். தசரதன் போர்த் தண்ணீரை, பச்சை வழியாகக்கூட, கேட்பதற்குப் பதில் நாறியே சாகலாம் என்று நினைத்தேன்.

பின்பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், சுவருக்கு மேலே ஒரு பச்சை ஹோஸ் பைப் வந்து என் தொட்டிக்குள் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தசரதன் குரல் கேட்டது.

"காக்கா, நான் யாருக்கும் தண்ணி குடுக்கல. கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். இது கை கழுவற மருந்து. வேணும்னா புடிச்சிக்கட்டும், வேணாம்னா கீழ ஊத்தட்டும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே காக்காவை வைத்துக்கொண்டு பிழைக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமலும் வந்தது. துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஏ தொடப்பம், மருந்து கொஞ்சம் வேகமா வரட்டும்னு சொல்லு" என்றேன். அந்தப் பக்கம் பச்சையம்மாள் கொல்லென்று சிரித்தாள். பைப்பில் தண்ணீர் வேகமாக வந்தது. வாய் நிறையக் குடித்தேன்.

அந்த ஹோஸ் பைப் திரும்பிப் போகவே இல்லை. முதலில் என் வீடு, அப்புறம் காசி வீடு, அப்புறம் ஒவ்வொன்றாக. இப்போது தசரதன் மதிலிலேயே சந்துக்கென்று ஒரு குழாய் இருக்கிறது. அவன் திருந்திவிட்டான் என்று யாரும் நினைக்க வேண்டாம். லாரி இன்னமும் ஓடுகிறது, முன்னைவிடக் கம்மி, அவ்வளவுதான். நானும் அதற்கு வாரா வாரம் அவனைத் திட்டுகிறேன். கட்டுப்பாட்டை எடுத்துவிடலாமா என்று சக்கரபாணி அப்பப்போ கேட்பார். எதற்கு எடுக்க வேண்டும்? மலையைப் பார்த்து அடித்த சத்தியம், அது பாட்டுக்கு இருக்கட்டும். எங்கள் சந்தில்தான் இப்போது மருந்து இல்லாத பொருளே கிடையாதே.

மறுவருஷம் விமானம் ஓட ஆரம்பித்ததும் மஹீன் ஊருக்குக் கிளம்பினாள். தங்கையைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் சீட்டைக் காட்டி, தங்கைக்கு வேண்டிய மாத்திரையெல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கினாள். "நான் குடுக்கல, நீயா எடுத்துக்கின" என்று சக்கரபாணி அவளிடமும் சொல்லிச் சிரித்தார். பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வாசலில் காசி ஆட்டோவோடு நின்றான். பச்சையம்மாள் பயண மயக்கத்துக்கு மருந்து என்று புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தாள்.

மஹீன் தன் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். நாரில் கட்டின ஒரு வாழை இலைப் பொட்டலம், காய்ந்து பழுப்பாகச் சருகாகியிருந்தது.

"அன்னிக்கு நான் எடுத்து வெச்சேன். பிரிச்சிப் பாத்தேன், ரெண்டும் வெள்ளை" என்றாள்.

பச்சையம்மாள் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டை காகிதமாகக் கிடந்தது. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப மலை சொல்லலியா?" என்றாள். "நீதான் சொன்னியா?"

பதிலுக்கு வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். என் வாழ்நாளில் அப்படி நடந்தது அன்றைக்கு மட்டும்தான். பச்சையம்மாள், "அடிப்பாவி, மலைக்கு முன்னாலயே பித்தலாட்டமா!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். நன்றாக இருந்தது.

மஹீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க ஊருக்கும் இப்பிடி ஒரு ஆள் பூ கட்டினா போதும் அக்கா" என்றாள்.

பச்சையம்மாள் சட்டென்று விலகி, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, நேராக என் வீட்டுப் பின்பக்கம் போனாள். மரத்தை உலுக்காத குறையாக நந்தியாவட்டையை மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள். "எலைய அறுடி. அங்க எத்தினி பேரு கைய வெச்சி எடுப்பாங்களோ, ரெண்டு பொட்டலம் எப்பிடிப் பத்தும்?" என்றாள். நான் இலையை அறுத்தேன். மூன்று பேரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

காசி விடாமல் ஹாரன் அடித்தான். "ப்ளேனு போயிடும்க்கா!"

"சும்மா இருடா," என்றேன். "மருந்து கட்டினு இருக்கறோம் இல்ல?"